பின்சக்கரத்துக்குள் போகும் கை

தனகோட்டியின் கையை முதலில் கேலி செய்தவள் ஒரு வளையல்காரி. கல்யாணத்துக்கு முந்தின நாள் வல்லத்து வீட்டுக்கு வந்து, கூடையிலிருந்த வளையலையெல்லாம் மணப்பெண்ணுக்கு ஏற்றிப் பார்த்தாள். ஏற்றிய வேகத்திலேயே அத்தனையும் கழன்று மடியில் விழுந்தன. கடைசியில் கூடையின் அடியில் கிடந்த குழந்தை வளையலைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, "பொண்ணு முன்னாடி வந்துட்டுது, கை பின்னாடி பஸ்ல வருது போல" என்றாள். கல்யாண வீடே சிரித்தது. மாமியார் ஆகப்போகிற நாகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு மாவு ஆட்ட முடியும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வல்லம் கடலை விளைகிற ஊர். செடியைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்குகிற கைக்குத்தான் அங்கே மரியாதை. தனகோட்டி ஒரு செடிக்கு இரண்டு கையையும் போட வேண்டியிருந்தது. அதனால் அவளைப் பிடுங்குகிற ஆட்களோடு சேர்க்காமல், பிடுங்கி முடிந்த நிலத்தில் மண்ணுக்குள் தங்கிப்போன கடலையைப் பொறுக்க விட்டிருந்தார்கள். எலி வளைக்குள்கூட அவள் கை போகும். எலி சேர்த்து வைத்திருந்ததை அள்ளி எடுத்தபிறகு, போனால் போகிறதென்று நாலு கடலையைத் திருப்பி உள்ளே போட்டுவிட்டு வருவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எலிக்கும் மரியாதை இல்லை, அவளுக்கும் இல்லை.

அவளைக் கட்டிக்கொண்ட கலியபெருமாளுக்குச் செஞ்சியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை. வாடகைக்கு விடுவான், பஞ்சர் ஒட்டுவான், காற்று அடிப்பான். அவன் கை நேர் எதிர் ஜாதி. விரல் ஒவ்வொன்றும் பனங்கிழங்கு தடிமன். பக்கத்துக் கடை காஸ்பர், கல்யாணத்தில் பாக்கு எடுக்கப் போன இடத்தில் இருவர் கையையும் பார்த்துவிட்டு, "நாலு கையையும் ஒண்ணா போட்டுப் பிசைஞ்சு பங்கு பிரிச்சா ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல கை தேறும்" என்றான். காஸ்பர் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஸ்டவ்வும் பழுது பார்க்கிறவன். எதைப் பார்த்தாலும் அவனுக்கு உருக்கி ஊற்றத்தான் தோன்றும்.

கல்யாணம் ஆன சில வருஷம் தனகோட்டி கடையை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் சாப்பிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இது மாறியது அறுபத்து நாலாம் வருஷம். கடலை மண்டி வெங்கடரமணன் மெட்ராஸ் போய் மோட்டார் சைக்கிள் வாங்கி வந்த வருஷம்.

அந்த வண்டியின் பின்சக்கரத்தைச் செய்தவன், அதற்குக் காற்று அடிக்க வேண்டியிருக்கும் என்பதையே மறந்துவிட்டுச் செய்திருக்க வேண்டும். காற்று போகிற வால்வு, சக்கரத்தின் நடுவைப் பார்த்துக் கட்டைவிரல் அளவுக்கு நின்றது. அதற்கு நேர் எதிரே பானை மாதிரி பிரேக் டிரம். இந்தப் பக்கம் செயின், அந்தப் பக்கம் சைலன்சர், நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பம்பு முனையை வால்வின் மேல் வைத்துத் திருக வேண்டுமானால் இரண்டு விரலாவது உள்ளே போக வேண்டும். கலியபெருமாளுக்கு ஒரு விரலே மாட்டிக்கொண்டது.

"எண்ண தடவிப் பாரு" என்றான் காஸ்பர், தன் கடையிலிருந்தபடியே.

"தடவியாச்சு."

"கைக்கா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்தான். நீ வந்து உன் கைய விடு, பாப்போம்."

காஸ்பர் வந்தான், விட்டான், கம்பியில் முட்டியை உரசிக்கொண்டு எடுத்தான். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் தானாக முன்வந்து விட்டுப் பார்த்தார். வெங்கடரமணன் புது வண்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்று, தன் வண்டியின் பின்சக்கரத்துக்குள் ஊரே கைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் தனகோட்டி தூக்குச்சட்டியோடு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அது அவளுக்கு எலி வளை மாதிரி இருந்தது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"நகருங்க" என்றாள்.

"பொம்பள கைவெக்கிற எடமா இது? செயின்ல கிரீஸ் இருக்குது" என்றார் வெங்கடரமணன்.

அதற்குள் கை உள்ளே போய்விட்டிருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரலாலேயே தேடி, முனையை வைத்துத் திருகினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "அடிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்கு இட்ட முதல் கட்டளை அதுதான். அவன் அடித்தான்.

அன்று முதல் அந்த வண்டி வருகிற நாளெல்லாம் தனகோட்டி கடையில் இருக்க வேண்டியதாயிற்று. வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், வராத நாளும் இருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்துச் சாலைகளில் வேலிக்காத்தான் முள்ளுக்குப் பஞ்சமில்லை. செஞ்சி வெயிலில் பாறையே வெடிக்கும், டியூப் எம்மாத்திரம். நாகம்மாள் முதலில் முறுக்கிக்கொண்டாள். கலியபெருமாள், "அவ கை இல்லாட்டி மண்டிக்காரர் வண்டி நவுராதும்மா" என்றான். மண்டிக்காரர் பெயரைச் சொன்னதும் நாகம்மாள் அடங்கினாள். மருமகளின் கையைப் பற்றி அவள் பெருமையாகப் பேசிய நாட்கள்கூட உண்டு. மருமகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

கடை வாசலில் பம்புக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்று அவள் இடமானது. அங்கே உட்கார்ந்தால் திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் பஸ் இரண்டும் தெரியும். யார் மூட்டையோடு போய் வெறுங்கையோடு வந்தார்கள், யார் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள், யார் மூன்றாம் நாளே திரும்பி வருகிறார்கள் எல்லாம் தெரியும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் வாடகைக்கு சைக்கிள் எடுத்துப் போய், மலையடியில் வெயிலில் போட்டுவிட்டு, டியூப் வெடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

"நெழல்ல போடணும்னு சொன்னமே சார்" என்பான் கலியபெருமாள்.

"அந்தக் காலத்துல ராஜா குதிரைய எங்கய்யா போட்டாரு?"

"குதிரைக்கு பஞ்சர் ஆவறதில்லீங்களே" என்று பெட்டியிலிருந்து ஒரு குரல் வரும். கேட்டவர் யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தால், தனகோட்டி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மோட்டார் சைக்கிள் வந்தால் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வளையலையெல்லாம் முழங்கை வரை ஏற்றி, அவை கீழே இறங்காமல் பழைய சைக்கிள் டியூபில் அறுத்த ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிக்கொள்வாள். வளையல் உடைந்தால் அது அவன் ஆயுசுக்கு ஆகாது என்று நாகம்மாள் சொல்லியிருந்தாள். அந்த ரப்பர் வளையத்தை அறுத்துக் கொடுத்தவன் கலியபெருமாள். ஆயுசு அவனுடையதாயிற்றே. அவள் முனையைப் பிடித்துக்கொள்வாள், அவன் பம்பின்மேல் குனிந்து அடிப்பான்.

"போதுமா?"

"இன்னும்."

"போதுமா?"

டயரை விரலால் சுண்டிப் பார்ப்பாள். "இன்னும் நாலு."

வீட்டில் இந்த இரண்டு பேரும் இவ்வளவு பேசிக்கொள்வதில்லை. அங்கே நாகம்மாள் இருந்தாள். நாகம்மாள் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் பேச இடம் கிடைக்காது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாதத்தில் அந்த மூன்று நாளைத் தவிர. அந்த மூன்று நாளும் தனகோட்டி வீட்டுக்குத் தூரம். கொல்லையில் விறகு அடுக்கும் கொட்டகையில் தனித் தட்டும் தனிப் பாயுமாக இருப்பாள். கடைக்கு வரமாட்டாள். அந்த மூன்று நாளில் பின்சக்கரத்தில் காற்று குறைந்தால் வெங்கடரமணன் பஸ்ஸில்தான் போக வேண்டும்; காற்றுக்காகச் சக்கரத்தையே கழற்றினால் அரை நாள் போய்விடும். மண்டிக்காரர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்தாலே கடைத்தெருவுக்குக் காரணம் புரிந்துவிடும். ஒரு நாள் யாரோ கூட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"இன்னா மண்டிக்காரரே, வண்டி வூட்டுக்குத் தூரமா?"

பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார். வெங்கடரமணன் பஸ் ஏறினார். ஆனால் மாதா மாதம் கடைத்தெரு தன் வண்டியை வைத்து ஒரு பெண்ணின் நாள் கணக்குப் பார்ப்பதை எந்த மனிதர்தான் தாங்குவார். மறுநாளே காஸ்பரைக் கூப்பிட்டு, "அந்த வால்வுக்கு எவன் கையும் உள்ள போவக் கூடாது. வெளியிலிருந்தே காத்தடிக்கணும். இன்னா பண்ணுவியோ பண்ணு" என்றார்.

காஸ்பர் நாலைந்து நாள் யோசித்தான். பழைய ஸ்டவ்வின் பித்தளைக் குழாயை வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒரு முனையில் வால்வின் மேல் உட்காரும்படி மரை போட்டான். மறுமுனை கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பம்பை அங்கே மாட்டினால் போதும். சக்கரத்தைக் கழற்றி, அந்த வளைகுழாயை இறுக்கி, ஆடாமல் இருக்க ஒரு கம்பியோடு சேர்த்துக் கட்டி, சக்கரத்தைத் திரும்ப மாட்டியது கலியபெருமாள்தான். அவன் கடையில்தான் அதற்கான பெரிய ஸ்பானர் இருந்தது.

காஸ்பர் அந்த வளைகுழாயை முதன்முதலில் உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது, இப்படி ஒன்றை இந்த ஜில்லாவிலேயே யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்ற நினைப்பில் காட்டினான். கலியபெருமாள் அதைப் பார்த்துவிட்டு, "ம்" என்றான். தினம் பார்க்கிற சாமானைப் பார்த்த மாதிரி இருந்தது அந்த "ம்". காஸ்பருக்கு வருத்தம்.

தனகோட்டி பெட்டியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். மண்டியிலிருந்து வந்த ஒரு ஆள், மூட்டை தூக்குகிறவன், உலக்கை மாதிரி கை, வெளியே நின்றபடியே பம்பை மாட்டிக் காற்று அடித்தான். வெங்கடரமணன் டயரை உதைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. வேலை சுத்தம். காஸ்பரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் முழங்கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கின.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நாகம்மாள் அதைச் சொல்லிவிட்டாள்.

"இனிமே உன் கைக்கு அங்க இன்னா வேல? வூட்டோட இரு. அவன் வந்து சாப்ட்டுட்டுப் போவட்டும். கட வாசல்ல பொம்பள குந்திக்கினு இருக்கறது நல்லாவா இருக்குது?"

தனகோட்டி புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். கடைக்கு வேறு வேலை இருக்கிறது, பெட்டியில் ஆள் வேண்டும், வாடகை சைக்கிளுக்குக் கண் வேண்டும், எதையாவது. அவன் ரசத்தைக் குடித்துவிட்டு "ம்" என்றான். அவள் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணியும் புரட்டாசியில் பாதியும் வீட்டில் போயிற்று. வீட்டிலிருந்து பஸ் ஹாரன் கேட்கும். எந்த பஸ், யார் இறங்கினார்கள் என்பது கேட்காது. அவளுக்கு ஒன்றும் பெரிய ஆசை இல்லை. அந்தப் பெட்டியில் திரும்பப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எப்படிக் கேட்பது? மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போகிறேன் என்று கேட்கலாம். சும்மா உட்காரப் போகிறேன் என்று எந்த மருமகளாவது கேட்டிருக்கிறாளா?

நாகம்மாளும் நினைத்தபடி சந்தோஷமாக இல்லை. பகல் முழுக்க ஒருத்தி எதிரே இருந்தால் அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் தெம்பு வேண்டுமே. மத்தியானம் கலியபெருமாள் வந்து, இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடினான்.

ஆயுத பூசை வந்தது. அன்று காலையில்தான் தனகோட்டி தூரமானாள். கொட்டகையில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரில் நடந்ததையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து சொன்னவள் காஸ்பரின் பெண்டாட்டி ராயம்மாள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; தீட்டு கிடையாது. அவள் உரிமையோடு கொட்டகைக்குள் வந்து, பாயிலேயே உட்கார்ந்துகொள்வாள். நாகம்மாள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டாள்.

"கதைய கேளு" என்றாள் ராயம்மாள். "மண்டியில வண்டிக்குப் பூச. மண்டிக்காரரு பொண்டாட்டி ஜானகியம்மா வண்டிய குளிப்பாட்டி, சந்தனம் இட்டு, குங்குமம் இட்டு, முன்னாடி வாழக்கன்னு கட்டி, மால போட்டு. இவுரு செஞ்ச கொழா பித்தள பாரு, வெளக்கு மாதிரி மின்னியிருக்குது. அதுக்குத் தனியா சந்தனம். போட்டது போட்டாங்க, அதும் வாயில ஒரு சாமந்திப் பூவ வேற சொருவிட்டாங்க."

"அப்புறம்?"

"பூவ எடுத்துட்டு எவனோ காத்தடிச்சிருக்கான். உள்ள காஞ்ச சந்தனம் பொடிப்பொடியா வால்வுல போய் குந்திக்கிச்சு. எலும்பிச்சம் பழத்த நசுக்கிட்டு, ஒரு ரவுண்டு போய் வரேன்னு மண்டிக்காரரு கௌம்பினாரு. வல்லம் ரோட்டுல உஸ்ஸுன்னு உக்காந்துட்டுது. வாழக்கன்னும் மாலையுமா கல்யாண மாப்பிள்ள மாதிரி வண்டிய தள்ளிக்கினு வராரு மனுஷன். ஊரே பாத்துது."

தனகோட்டி சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "அந்தக் கொழாய கழட்டிட்டு, உள்ள இருக்கற ஊசிய எடுத்து ஊதிட்டு மாட்டினா சரியாயிடும்."

"அதத்தான் இவுரும் சொல்றாரு. எவன் கை போவுது உள்ள?"

"அவரு சக்கரத்த கழட்டட்டுமே."

"உங்க வூட்டுக்காரரா? இன்னிக்கி ஸ்பானரெல்லாம் பூசையில இருக்குது, தொடக் கூடாதுன்னுட்டாரு."

அது நியாயம்தான். ஆயுத பூசை அன்று கருவியைத் தொடுகிறவன் எவன்? மறுநாள் விஜயதசமி. ராயம்மாள் மறுபடியும் வந்தாள்.

"இன்னிக்கி கழட்டினாரா?"

"எங்க கழட்டினாரு. 'மண்டிக்காரரே, இன்னிக்கி தொடங்கற வேல வருஷம் முழுக்கத் தொடரும். கழட்டற வேலையில தொடங்கினா வருஷம் பூரா உங்க வண்டி கழண்டுக்கினே இருக்கும், பரவால்லியா?'ன்னு கேட்டாரு. மண்டிக்காரரு குடைய எடுத்துக்கினு பஸ் ஏறப் போயிட்டாரு."

தனகோட்டிக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றரை மாதம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு அவனுக்குச் சோம்பேறித்தனம் ஏறிவிட்டது என்று நினைத்தாள். மூன்றாம் நாள் ராயம்மாள் சொன்னது அதைவிட விநோதம். சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பானரை லாரிக்காரன் ஒருவன் இரவல் வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டானாம்.

"ஸ்பானர குடுத்தாராமா?" என்று கேட்டாள் தனகோட்டி.

"குடுத்தேன்னாரு."

"அவரு உங்க வூட்டுக்காரருக்கே ஒரு திருப்புளி குடுத்ததில்ல."

"அதான் இவுரும் சொல்றாரு" என்றாள் ராயம்மாள்.

அன்று சாயங்காலம் வெங்கடரமணனே வந்தார். தெருப்பக்கம் வராமல் கொல்லைச் சந்து வழியாக வந்து வேலியோரம் நின்றார். நாகம்மாள் பதறிப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்க எதுக்குங்க இந்தப் பக்கம் வரணும், சொல்லி அனுப்பினா..."

"சொல்லி அனுப்பற வேலையில்ல, நாகம்மா. சீயமங்கலத்துப் பக்கம் கடல பேசி வெச்சிருக்கேன். நாளைக்குப் போவலைன்னா வேறெவனாவது பிடிச்சிக்குவான். உன் மருமவள கொஞ்சம்..."

"அவ தூரமுங்க. பூச போட்ட வண்டி வேற."

"அது தெரியும். ஊருக்கே தெரியும்" என்றார் வெங்கடரமணன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. உரக்கப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தே, அவருகிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலையில தல முழுகிட்டு ஒரு நிமிஷத்துல கழட்டிடலாம். அது வரைக்கும் வண்டியும் தூரமாவே இருக்கட்டும்."

வெங்கடரமணன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. கோபமாக்கும் என்று நாகம்மாள் பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி. காலையில வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன். ஆனா கடைக்குப் போவக் கூடாதுன்னு அத்த சொல்லியிருக்காங்க. அவுங்க சொன்னாத்தான்."

இப்போது வெங்கடரமணன் நாகம்மாளைப் பார்த்தார். நாகம்மாள் கொட்டகையைப் பார்த்தாள். கொட்டகையில் இருட்டாக இருந்ததால் மருமகள் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது.

"நான் எப்போ சொன்னேன்?" என்றாள் நாகம்மாள். "போவ வேணாம்னு நான் எப்போடி சொன்னேன்? கட நம்ம கட, போனா போ, வந்தா வா. நானா புடிச்சி வெச்சிருக்கேன்?"

மறுநாள் தனகோட்டி தலை முழுகி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். சோற்றுத் தூக்கை எடுத்துக் கையில் கொடுத்தவள் நாகம்மாள். "சீக்கிரம் வந்துடு" என்று சொல்லாமல் விட்டதைத் தனகோட்டி கவனித்தாள்.

வண்டி கடை வாசலில் நின்றது. வாழைக்கன்று வதங்கித் தொங்கியது. மாலை காய்ந்திருந்தது. மரப்பெட்டி அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் யாரும் ஒரு சாமானைக்கூட வைத்திருக்கவில்லை. தூசி தட்டியிருந்தது. கலியபெருமாள் ஒரு சைக்கிளின் செயினை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா" என்றான்.

"வந்துட்டேன்."

வளையலை மேலே ஏற்றினாள். ரப்பர் வளையத்தை இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்தாள். மாட்டிக்கொண்டாள். கை கம்பிகளுக்கு நடுவே போயிற்று. காஸ்பர் இறுக்கச் சொல்லிப் புருஷன் இறுக்கிய மரை. விரல் நுனியால் மெல்ல மெல்லத் தள்ளினாள். முதலில் அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை. அசைந்தது. வளைகுழாய் வெளியே வந்தது, அதன் வாயில் இன்னும் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. பிறகு வால்வுக்குள்ளிருந்த சின்ன ஊசியைக் கழற்றி, ஊதி, முந்தானையில் துடைத்துத் திரும்ப மாட்டினாள். பம்பு முனையைத் திருகினாள்.

"அடிங்க."

அவன் அடித்தான்.

"போதுமா?"

"இன்னும்."

"போதுமா?"

சுண்டிப் பார்த்தாள். "இன்னும் நாலு."

வெங்கடரமணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். காஸ்பர் தன் வளைகுழாயைத் துடைத்து நீட்டினான். "இதுல தப்பில்லீங்க. காத்தடிக்கும்போது மட்டும் மாட்டிட்டு, அடிச்சதும் கழட்டிடணும். அப்படியே விட்டதாலதான் வம்பு."

"மாட்டறதும் கழட்டறதும் யாரு? இவதான?" என்றார் வெங்கடரமணன். "அப்ப இது எதுக்கு? நீங்களே வெச்சிக்குங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டு சீயமங்கலம் பக்கம் போனார். வாழைக்கன்றைக் கழற்ற மறந்துவிட்டார்.

காஸ்பர் தன் கடைக்குப் போனபிறகு அந்த வளைகுழாய் தனகோட்டியின் கையில் இருந்தது.

"எங்க போடறது இத?"

"அந்த தகரப் பெட்டியில போடு" என்று சொல்லிவிட்டு, உடனே கலியபெருமாள், "இரு, நான் போடறேன்" என்றான். ஆனால் அவன் கை முழுக்கச் செயின் கிரீஸ். அவள் அதற்குள் அவன் உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டாள். அது அவன் பெட்டி. அதுவரை அவள் திறந்ததில்லை.

மேலேயே பெரிய ஸ்பானர் கிடந்தது.

அதைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். அதற்கு அடியில் எண்ணெய்த் துணியில் ஏதோ சுற்றியிருந்தது. பிரித்தாள். ஒரு வளைகுழாய். காஸ்பர் செய்தது மாதிரிதான், ஆனால் கம்பெனியில் செய்தது. லாரியின் உட்சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. பித்தளை கறுத்துப்போயிருந்தது. மேலே இருந்த அழுக்கைப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பெட்டியில் கிடந்திருக்க வேண்டும். தனகோட்டி அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். அந்த வால்வின் மரை அவள் விரலுக்கு மனப்பாடம். இதிலும் அதே மரைதான். சக்கரத்தின் நெருக்கத்துக்குள் வெளியிலிருந்தே நீட்டித் திருகலாம். பனங்கிழங்கு விரல்கூடத் திருகலாம்.

திரும்பிப் பார்த்தாள். கலியபெருமாள் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் செயினில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"ஸ்பானர் திருவண்ணாமலையிலேர்ந்து வந்துட்டுது போல" என்றாள்.

"ம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "காலையிலதான்" என்றான்.

"பஸ்லயா?"

"பஸ்லதான்."

கறுத்த வளைகுழாயை முன்பு இருந்தபடியே துணியில் சுற்றினாள். காஸ்பருடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டின் மேலும் ஸ்பானரை வைத்து மூடி, பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளினாள்.

திண்டிவனம் பஸ் வந்து நின்றது. மரப்பெட்டியில் உட்கார்ந்து யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தாள்.

"நாளைக்கு வூட்டுக்குச் சாப்ட வர வேணாம்" என்றாள், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. "சோறு நான் எடுத்தாறேன்."

"ம்" என்றான் கலியபெருமாள்.